ஏரியில் கொட்டிய குடல்

அர்த்தநாரி பன்னிரண்டு மாதமும் மீன் தொடாதவர். அதனாலேயே ஊர் ஜமீன்தாரான மிட்டாதார் அவரை மீன் காவலுக்கு வைத்தார். தின்னாதவன் திருட மாட்டான் என்பது அவர் நினைப்பு. சேந்தமங்கலத்துக்கு மேற்கே இருந்த மிட்டா ஏரியில், கடற்கரையிலிருந்து பானைகளில் வந்த பால்மீன் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. கடலைக் கண்ணால் பார்க்காத ஊரில் கடல் மீன் வளர்ப்பதில் மிட்டாதாருக்கு அப்படியொரு பெருமை. மீன் தழைத்தால் ஏரிக்கரையில் ஒரு ஏக்கர் காடு என்று வாக்குக் கொடுத்திருந்தார். நாற்பது வயதுவரை அடுத்தவர் காட்டில் ஏரோட்டிய அர்த்தநாரிக்கு அந்த ஒரு ஏக்கர்தான் உலகம்.

மீனைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து வெங்கடாசலம் என்ற படித்தவர் வந்திருந்தார். வாரம் ஒருமுறை ரயிலில் ஐஸ் வைத்துக் கடல் மீன் வரும். ஒப்பிட்டுப் பார்க்க அதன் குடலையும் ஏரி மீனின் குடலையும் அர்த்தநாரி அறுத்துக் கொடுக்க வேண்டும். வெங்கடாசலம் அவற்றைக் கடற்பாசிக் கூழில் தடவி மூடி வைப்பார். மூன்றாம் நாள் குடலில் இருந்த கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். கடல் மீனுக்கு மஞ்சள், ஏரி மீனுக்கு வெள்ளை.

குடல் நாற்றத்தோடு வீடு திரும்பும் அர்த்தநாரிக்கு வரவேற்பு ஒன்றுதான். "ஏனுங்க, மொதல்ல வாய்க்கால்ல உழுந்து எந்திரிச்சுட்டு ஊட்டுக்குள்ள வாங்க" என்பாள் மனைவி சாலம்மாள்.

மார்கழியில் ஏரி மீனுக்கும் மஞ்சள் முளைத்தது. வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "குட்டையில வளர்ந்தாலும் கடலைக் குடல்ல வெச்சிருக்குய்யா இது!" என்று குதித்தார். அன்றே பெரிய அறிக்கை எழுதிச் சென்னைக்கு அனுப்பினார். மிட்டாதார் மகிழ்ந்து, இதே மீனைத் தன் மற்ற மூன்று ஏரிகளிலும் விடச் சொன்னார்.

அர்த்தநாரி மட்டும் குதிக்கவில்லை. ஏரிக்குக் கொக்கு வராமல் பத்து நாள் ஆகியிருந்தது. நிழல் பட்டாலே சிதறி ஓடும் மீன்கள் இப்போது கரையோரம் வாயைப் பிளந்தபடி நின்றன. வயிறு உப்பிச் செத்த ஏழு மீன்களை அவர் யாருக்கும் தெரியாமல் புதைத்திருந்தார்.

மற்ற ஏரிகளுக்கு மீன் ஏற்றிப் போக வண்டிகள் வந்து நின்ற காலையில் அவர் வெங்கடாசலத்தின் முன்னால் போய் நின்றார்.

"சாமி, ஒண்ணு சொல்லோணுங்க. அந்தக் கடல் மீனு கொடலு மிச்சத்த நாந்தான் ஏரியில கொட்டுனனுங்க."

"எப்போலேருந்து?"

"ஆடியில இருந்துங்க. மண்ணுல வீசறதுக்கு மனசு வரலீங்க. வாயில்லாத உசுரு, திங்கட்டுமேன்னு..."

"ஐஸ் கரைஞ்சு நாறி வந்ததையுமா?"

"அதத்தானுங்க மொதல்ல கொட்டுனது."

வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"பொண்டாட்டிகிட்டகூட இல்லீங்க."

"நல்லது. அறிக்கை போயாச்சு. பேர் போட்டு அனுப்பியாச்சு."

"மீனு சாவுதுங்களே?"

"மீன்னா சாகத்தான் செய்யும். உனக்குக் காடு வேணுமா, வேண்டாமா?"

அர்த்தநாரி ஏரிக்கரைக் காட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து முதல் மீன் பானையைத் தூக்கி வண்டியில் வைத்தார். அடுத்ததையும் வைத்தார். மூடப்போன கடைசிப் பானையில் ஒரு மீன் அவர் விரலில் வந்து இடித்தது, விலகவில்லை. மூன்று வண்டிகளும் மூன்று திசையில் போயின.

பொங்கலுக்கு முன்பே காட்டுப் பத்திரம் கைக்கு வந்தது. சாலம்மாள் வரப்பைச் சுற்றி நடந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, நமக்குக் கெணறே வேண்டாமுங்க. குடிக்கறதுக்கும் பாய்ச்சறதுக்கும் ஏரிதான் பக்கத்துலயே கெடக்குதே!"

அர்த்தநாரி ஏரியைப் பார்த்தார். கொக்கு நிற்கும் இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கொக்குதான் என்று நம்பிக்கொண்டு இறங்கி நடந்தார். பாதி வழியில், அது வயிறு உப்பி மிதக்கிறது என்று தெரிந்தது.