தயிர்க்காரி வீட்டுப் பூனை

திருத்தணியில் தயிர் விற்ற பாஞ்சாலி எவரையும் நம்பிப் பழகியவள் அல்ல. வாடிக்கைக்காரி ஒருத்தி, "தயிரு நல்லா கீது" என்றால், கொசுறு கேட்கப்போகிறாள் என்று நினைப்பாள். ஒன்றும் சொல்லாமல் போனால், வேறு யாரிடமோ வாங்கத் தொடங்கிவிட்டாள் என்று நினைப்பாள். மலையடிவாரத்தில் கூடையை இறக்கினால் நாலு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள், வரிசையாகத் தயிர்ப்பானைகள் இருக்கும் வீட்டுக்குள், ஒரு பூனை வந்து சேர்ந்தது!

கொண்டுவந்தவன் அவள் புருஷன் துரைக்கண்ணு. ஸ்டேஷனுக்கும் மலையடிக்கும் ஜட்கா ஓட்டுகிறவன். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆடி மாதம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சித்திரையில் பட்டணத்தைவிட்டு ஓடிவந்த குடும்பங்கள், பயம் தெளிந்து ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒரு குடும்பம் அம்மிக்கல்லைக்கூட மறக்காமல் ஜட்காவில் ஏற்றியது. வளர்த்த பூனையை மட்டும் பூட்டிய கதவுக்கு வெளியே விட்டுவிட்டுப் போனது.

"இது இன்னாய்யா?" என்றாள் பாஞ்சாலி.

"பூனை."

"எனக்கும் கண்ணு கீது. இங்க இன்னாத்துக்கு?"

"பாவம், கத்திகினே இருந்துச்சுமே."

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில், தன் குதிரையைத் தவிர வேறெந்த ஜீவனையும் துரைக்கண்ணு பாவம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த வீட்டு ரஹிமுன்னிசா விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் புருஷன் ரசூல்தான் ஜட்காக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். "பூனைய உட்டுட்டுப் போன பட்டணத்தம்மா, துரைக்கண்ணு பாவாகிட்ட வேற எதனா உட்டுட்டுப் போச்சான்னு பாருக்கா!"

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் பாஞ்சாலி அன்றைக்கே துரைக்கண்ணுவின் சட்டையை முகர்ந்து பார்த்தாள். குதிரை வாசனைதான் வந்தது. ஆசை வந்த ஆண்பிள்ளை தலைக்கு எண்ணெய் வைப்பான், முகம் வழிப்பான். இவனோ பூனை வந்ததிலிருந்து ஒரு வாரமாகத் தாடியோடு திரிந்தான். தட்டில் போட்ட சோற்றில் பாதியைப் பூனைக்குத் தள்ளிவிட்டு எழுந்தான். கூப்பிட்டால் திடுக்கிட்டான். இது பெண் விவகாரம் அல்ல. அப்படியானால் என்ன?

எட்டாம் நாள் காலையில் அவள் குதிரைக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பூனை ஒரு துணியின்மேல் சுருண்டு படுத்திருந்தது. நீலக்கோடு போட்ட துணி. பாஞ்சாலி குனிந்து பார்த்தாள். அது கங்காதரனின் சட்டை! பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூருக்குப் போன அவளுடைய ஒரே மகன், வந்ததும் போட்டுக்கொள்வான் என்று பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டை.

சிங்கப்பூர் விழுந்த மாசியிலிருந்து அவனிடமிருந்து கடிதம் இல்லை. கப்பல் ஓடவில்லை, அதனால் தபால் இல்லை என்று ஊரே சொன்னது. அவளும் அந்த ஒன்றை மட்டும் நம்பியிருந்தாள்.

இப்போது பழைய காட்சி ஒன்று கண்முன் வந்து நின்றது. கங்காதரனுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பூனை இருந்தது. பாலில் வாய் வைத்தது என்று துரைக்கண்ணு அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, நந்தியாற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டான். பையன் மூன்று நாள் சோறு தொடவில்லை. அதன்பிறகு பட்டாளத்துக்குப் புறப்பட்ட நாள்வரை அப்பனிடம் அவன் சரியாக முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அந்த மனுஷன் இன்றைக்குப் பூனைக்குச் சோறு போடுகிறான். அதுவும் மகன் சட்டையை விரித்து!

இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. தபால்காரர் வேதாசலம் தினம் அவளிடம் நின்று மோர் குடித்துவிட்டு, "மோரா இது, மழைத்தண்ணியா?" என்று வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் போவார். எட்டு நாளாக அவர் வேறு சந்தில் போகிறார்.

குளக்கரையில் அவரை மடக்கினாள்.

"இன்னா சாமி, என் மோரு கசக்குதா?"

"அதெல்லாம் இல்லம்மா. சளி பிடிச்சிகினு..."

"எங்க ஊட்டுக்கு எதனா வந்துச்சா?"

"ஒண்ணும் வரலம்மா."

"அப்டியா? மலையப் பாத்துச் சொல்லு."

திருத்தணியில் வாயால் ஆயிரம் பொய் சொல்லலாம். சாமி குடியிருக்கும் மலையைப் பார்த்து ஒரு பொய் சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது. வேதாசலம் தலையை நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை. தபால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதே விட்டார்.

"தந்தி வந்துச்சும்மா. ஸ்டேஷன்ல வெச்சு உன் ஊட்டுக்காரர் கையில குடுத்துட்டேன். உன்கிட்ட சொன்னா நீ ஒடிஞ்சு பூடுவேன்னு காலப் பிடிச்சிகினாரு."

பாஞ்சாலி எப்படி வீடு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொட்டிலில் துரைக்கண்ணு குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் முண்டாசை அவிழ்த்து, வியர்வையில் நைந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"செத்துட்டான்னு போட்டுகீதா?"

"காணலன்னு போட்டுகீது."

"யாரு தேடனாங்களாம்? எங்க தேடனாங்களாம்? ஆயிரம் பேரு சிதறி ஓடுன எடத்துல, என் புள்ளைய எவன் நின்னு பாத்தான்?"

துரைக்கண்ணு தரையில் உட்கார்ந்து தேம்பினான். "அன்னைக்கு அவன் பூனையச் சாக்குல கட்டனேனே, அந்தப் பாவம்தான்மே. இதுக்குச் சோறு போட்டாவாவது தீருமான்னு..."

"அப்போ நீ முடிவே பண்ணிட்டே!" அவள் குரல் வெடித்தது. "உசுரோட கீற புள்ளைக்கு எந்த அப்பனாவது பரிகாரம் பண்ணுவானா? எட்டு நாளா என்னைச் சிரிக்க உட்டு, தயிர் விக்க உட்டு, நீ மட்டும் எழவு காத்துகினு இருந்தியா? இந்தப் பூனைய எடுத்துகினு போ! இது என் கண்ணுல படக்கூடாது!"

அவன் எழுந்தான். கொள்ளுச் சாக்கை உதறி வாயை விரித்தான். பூனை, தின்ன ஏதோ வைக்கிறான் என்று நினைத்து, மோப்பம் பிடித்தபடி தானாகவே உள்ளே தலையை நுழைத்தது.

பாஞ்சாலி பார்த்தாள். அதே மனுஷன், அதே குனிந்த முதுகு, அதே சாக்கு. வாசலில் நின்று, "வேணாம் நைனா" என்று கதறிய பிள்ளையின் குரல் மட்டும்தான் இல்லை.

"சாக்கக் கீழ வைய்யா."

அவன் வைத்தான். பூனை வெளியே வந்து காதை உதறிக்கொண்டது. அவள் அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் பாவத்துக்கு இல்ல, தெரிஞ்சிக்கோ. அவன் வந்து நின்னு, என் பூனை எங்க நைனான்னு கேப்பான். அன்னைக்குக் காட்டறதுக்கு இது இருக்கட்டும். பேரு எதனா வெச்சிட்டியா?"

"இல்லமே."

"வெக்காதே. அவன் வந்து வெப்பான்."

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மலையேறி இறங்குகிறவர்கள் மோருக்குத் தேடுவார்கள். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு தெருமுனைவரை போனவள், சட்டென்று திரும்பி வந்தாள். வீட்டில் மிச்சமிருந்த மூன்று பானைகளின் மூடிமேலும் ஒவ்வொரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, மறுபடியும் புறப்பட்டாள்.