ஒட்டாத நோய்

என் பக்கத்துக் கடைக்காரர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். வாய்த்துடுக்கு அதிகம். டியூபில் சொல்யூஷன் பூசிய நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவார்.

"இப்ப விட்டா தூசி படிஞ்சிரும். அப்புறம் தலைகீழா நின்னாலும் ஒட்டாது!"

அந்த வாய்க்குள்தான் முதலில் புண் வந்தது. பிறகு முதுகெல்லாம் கொப்புளம். லேசாகத் தேய்த்தாலே தோல் நழுவியது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "தோல்ல ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோட பிரஸ் பட்டன் போட்ட மாதிரி கோத்திருக்கும். கிருமியை அடிக்க வேண்டிய உங்க ரத்தமே அந்தப் பட்டனை எதிரின்னு நினைச்சு அவுத்துவிடுது. பிரிஞ்ச இடத்துல நீர் கோத்துக்குது."

"உள்ள எங்கயாவது லீக் இருக்கா?" தொழில் புத்தி போகுமா?

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "குடல்ல செல்லுக்கு நடுவுல கசியாம அடைச்சிருக்கிற கட்டு வேற. அதுக்கு ஒண்ணும் ஆகலை."

"அடுத்தவங்களுக்கு ஒட்டுமா?"

"ஒட்டவே ஒட்டாது. யாரையும் தொடலாம், தூக்கலாம்."

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மகளுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போனோம். மகள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஒட்டாதாம்மா. டாக்டரே தூக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"சரிப்பா. ஒருவேளை ஒட்டிக்கிச்சுன்னா? பச்சக் குழந்தைப்பா."

"நானும் கூடத்தானேம்மா இருந்தேன், என் காதாலயே கேட்டேன்" என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவர் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார். சொந்த ரத்தம் உள்ளே செய்தது போதாதா, வெளியேயும் செய்ய வேண்டுமா?

மாத்திரையில் முகம் பூசணிக்காயாக ஊதிப்போனது. புண் ஆறுவதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார். மகள் எட்டிப் பார்க்கவில்லை. தோல் நன்றாகக் கூடிய பிறகு ஒருநாள் கடைக்கு வந்தாள். பேத்தி நடந்தே வந்தாள்.

அவர் கையைத் துடைத்துத் துடைத்து நீட்டினார். குழந்தை வீறிட்டு, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது.

"புது முகம்ப்பா, அதான். நாலு நாள் பழகினா ஒட்டிக்குவா."

அவர் டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். குமிழி வரும் இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தூசி படிஞ்சு போச்சும்மா."