பாதியில் நின்ற நிரூபணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதச் சனிக்கிழமை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே மழை, முந்தின நாளிலிருந்து மூச்சு வாங்காமல் பெய்துகொண்டிருந்தது. நான் மழையைப் பார்க்கவில்லை. கணினித் திரையின் மேல் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன மஞ்சள் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இந்தப் பக்கத்தில் வேலை நடக்கிறது. சற்று நேரம் யாரும் திருத்த வேண்டாம்.’

விளக்கிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா? அதில் தமிழில் உள்ள கணிதக் கட்டுரைகளைச் செப்பனிடும் தன்னார்வலர்கள் நாங்கள். ஒருவர் எழுதும்போதே இன்னொருவரும் கை வைத்தால், யாராவது ஒருவரின் உழைப்பு அழிந்துபோகும். அதனால் வேலை தொடங்கும்போது அந்த அறிவிப்பை மாட்டுவோம், முடித்ததும் கழற்றுவோம். பேரங்காடியில் தரை துடைக்கும்போது வைக்கிற மஞ்சள் பலகை மாதிரி.

அன்று அதை மாட்டியிருந்தவர் முக்கோணம். அது அவர் அங்கே வைத்துக்கொண்ட புனைபெயர். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நாங்களாக ‘அண்ணன்’ ஆக்கிக்கொண்டோம், அவர் மறுக்கவில்லை. பெயர், ஊர், வேலை எதையும் கேட்பதில்லை என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். எங்களில் ஒருத்தியை எவனோ தேடிப் பிடித்துத் தொல்லை கொடுத்த பிறகு அந்த வழக்கம் இன்னும் இறுகிவிட்டது.

கணக்கு அவருடையது, தமிழ் என்னுடையது. அவர் நிரூபணத்தை எழுதுவார், நான் வாக்கியங்களைச் சீவிச் சிக்கெடுப்பேன். கைப்பழக்கத்தில் நான் எங்காவது ‘எளிதில் காணலாம்’ என்று எழுதிவிட்டால் போதும், அடுத்த நிமிடம் அது காணாமல் போயிருக்கும். ‘யாருக்கு எளிது?’ என்று ஒரு குறிப்பு மட்டும் மிஞ்சும். எனக்கு எரிச்சல் வரும். பிறகு சிரிப்பும் வரும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் பகா எண் கட்டுரையைத் திறந்திருக்கிறார். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று நிறுவ வேண்டும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. நேர் எதிரானதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, அது தானே உடைந்து விழும் வரை அதோடு நடந்து போவது. அவர் முதல் வரியை மட்டும் எழுதியிருந்தார். ‘பகா எண்கள் ஓர் இடத்தில் முடிந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.’ அவ்வளவுதான். அதற்குக் கீழே வெள்ளை.

தேநீர் நேரத்துக்குள் அறிவிப்பைக் கழற்றிவிடுகிற மனிதர். ஒரு நாள் கடந்துவிட்டது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. உருளை பற்றிய கட்டுரைக்கு அவர் ஏற்றிய படம். வட்டமான பெரிய தண்ணீர்த் தொட்டி, பின்னால் செம்பனை மரங்கள். அடியில் ‘வீட்டுக்கு எதிரில், மேரு’ என்று எழுதியிருந்தார். மேரு, கோலாலம்பூருக்கு மேற்கே கிள்ளானை ஒட்டிய ஊர். என் கைப்பேசியிலோ கிள்ளான் பக்கத்துக் காணொளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மிதக்கும் கார்கள். கூரைமேல் ஆட்கள். தண்ணீர் ஒரு நிறமே இல்லாத நிறத்தில் நின்றது.

எங்கள் குழுவில் நான் நேரில் அறிந்த ஒரே ஆள், கட்டுரைகளுக்குப் படம் வரையும், கிள்ளான் பண்டமாரானில் வசிக்கும் அக்கா. அவரை அழைத்தேன்.

“அறிவிப்பு இன்னும் தொங்குதுக்கா.”

“மறந்திருப்பாரு லா. மழைக்கு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறாரோ என்னமோ.”

“அவரு மறக்கிற ஆளா?”

அந்தப் பக்கமும் மழைச் சத்தம். “பேரு தெரியாத ஆள எங்க பிள்ள போயி தேடுறது?” என்றார் அக்கா.

அவருடைய உரையாடல் பக்கத்தில் ‘நலமா?’ என்று எழுதிவைத்தேன். அதை எழுதவே கை கூசியது. பதில் இல்லை. என் மனம் விடாமல் வைத்துக்கொண்டே போனது. அவர் வீட்டில் தனியாக இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாடி இல்லாத வீடு என்று வைத்துக்கொள்வோம். நீந்தத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அந்த நினைப்புகளில் ஒன்றுகூட உடையவில்லை.

ஞாயிறு காலை, கோயம்புத்தூரிலிருந்து எழுதும் ஒருவர் குழுவில் செய்தி போட்டார். கட்டுரை அரைகுறையாக நிற்கிறது, அறிவிப்பை எடுத்துவிட்டு நானே முடிக்கிறேன் என்று. நியாயமான பேச்சுதான், எங்கள் விதியும் அதுதான். ஆனாலும், எடுக்காதீங்க, தயவு செஞ்சு எடுக்காதீங்க என்று தட்டினேன். இங்கே வெள்ளம் என்பதைச் சொன்னேன். அதை எடுத்துவிட்டால் அவர் திரும்பி வர இடம் இருக்காது என்பதுபோல ஏதோ பிதற்றினேன்.

“இருக்கட்டுங்க. நானும் பாத்துட்டே இருக்கேன்” என்று பதில் வந்தது. முகமறியா அந்த மனிதருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

திங்கட்கிழமை பாதை திறந்ததும் கிள்ளானுக்குப் போனேன். அக்காவின் கணவர் தம் லோரியில் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டு மேருவுக்குப் புறப்பட்டார். நாங்களும் ஏறிக்கொண்டோம். தொட்டியைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அதற்கு எதிரே ஒரு வரிசை தரை வீடுகள். சுவர்களில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. தெருவெல்லாம் மெத்தைகள். ஒருவர் குளிர்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இங்க கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுறவங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று அக்கா கேட்டார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கணக்கா? வீடே தண்ணில போச்சு, நீங்க கணக்க கேக்குறீங்க. எல்லாம் ஸ்கூல்ல இருக்காங்க, அங்க போயி கேளுங்கக்கா.”

பக்கத்துப் பள்ளி நிவாரண மையமாகியிருந்தது. மண்டபம் முழுக்கப் பாய்கள். ஈரத் துணி வாடை, பிள்ளைகளின் அழுகை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ‘முக்கோணம்’ என்று கத்தினால் போதும். ஆனால் அவர் யாரிடமும் சொல்லாமல் காத்துவந்த ஒன்றை, எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், ஊரறியப் பறிக்க எனக்கென்ன உரிமை?

வாசலை ஒட்டி ஒரு வெண்பலகை. சாப்பாட்டு நேரத்தை மலாய் மொழியில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இடம் இருந்தது. பலகையோடு கிடந்த பேனாவை எடுத்து எழுதினேன். ‘பகா எண்கள் ஓர் இடத்தில் முடிந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.’ கொஞ்சம் யோசித்து இதையும் சேர்த்தேன். ‘இது தவறு என்பதை எளிதில் காணலாம்.’

“இங்க வந்துமா டியூஷன்?” என்று அக்கா சிரித்தார். பிறகு வரியைப் படித்தார். என் தோளைத் தொட்டுவிட்டு லோரிக்குப் போனார்.

பொட்டலங்களைக் கொடுத்து முடிக்கும்வரை நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பயம். பலகை அப்படியே இருந்துவிட்டால்?

கடைசிப் பெட்டியும் காலியானது. திரும்பினேன். ‘எளிதில் காணலாம்’ என்ற இரண்டு சொற்களின்மேல் நேராக ஒரு கோடு. அடியில், பொடியான கையெழுத்தில்:

‘அவை எல்லாவற்றையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவோம். அவற்றில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆனால் இந்தப் புதிய எண்ணை வகுக்கும் ஒரு பகா எண் இருந்தே தீரும். அது நம்மிடம் இருந்தவற்றில் ஒன்றல்ல. ஆகவே நாம் வைத்துக்கொண்டது தவறு.’

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மண்டபத்தைப் பார்த்தேன். துணி மடிக்கும் பெண். பேத்திக்குச் சோறூட்டும் பெரியவர். சுவரில் சாய்ந்து கண்மூடியிருந்த ஒருவர். மருத்துவமனைச் சீருடையிலேயே போர்வைக்காக வரிசையில் நின்ற ஒரு தாதி. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

“கேட்டுப் பாப்போமா?” என்றார் அக்கா.

“வேணாங்கா. போலாம்.”

சில நாட்கள் கழித்து மஞ்சள் அறிவிப்பு கழன்றது. நிரூபணம் முழுமையாக இருந்தது. திருத்தக் குறிப்பில் ‘தாமதம். மன்னிக்கவும்’ என்று மட்டும். நானும் வழக்கம்போல ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு வெளியே வந்தேன்.

பதில் வராத நேரங்களில் என் மனம் இன்றும் மோசமான வரியைத்தான் முதலில் எழுதுகிறது. இப்போதெல்லாம் அந்த வரிக்குக் கீழே, இன்னொரு கை வந்து எழுத, கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறேன்.