கர்ப்பம் ஒன்பது, பிறப்பு பூஜ்யம்

1. டீ சட்டையில் இறங்கிய காலை

நாகர்கோவில் ஆபீசில் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில்தான் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தேன். டீ சட்டையில் இறங்கியது. சுட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தில் சில ஊர்களைச் சாம்பிளாக எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு ரவுண்டு வீடு வீடாகப் போவோம். யார் பிறந்தார், யார் இறந்தார், யார் வந்தார், யார் போனார். இவ்வளவுதான் கேள்வி. ஒரு ஊர் வளருகிறதா தேய்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும். சாவைப் பற்றி ஜனங்கள் தாராளமாகப் பேசுவார்கள். பதினாறாம் நாள் அடியந்திர விருந்தில் என்ன பாயசம் வைத்தார்கள் என்பது வரை வரும். ஆள் ஊரைவிட்டுப் போனதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வருஷக்கணக்காகக் கத்தாரில் இருக்கிற மகனைப் பற்றிக் கேட்டால், "அவன் நம்ம வீட்டு ஆளுலா, போன் போட்டுத் தரட்டா?" என்பார்கள். பிறப்பில் மட்டும் வில்லங்கம் வராது என்று நம்பியிருந்தேன்.

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவு. அங்கே உள்ள சிற்றூர் எங்கள் சாம்பிள். போன ரவுண்டில் ஒன்பது கர்ப்பிணிகள் பதிவாகியிருந்தார்கள். இந்த ரவுண்டில் பிறப்பு பூஜ்யம். ஒன்பது பேரும் சேர்ந்து முடிவை மாற்றிக்கொண்டார்களா என்ன?

என் மூளை ஆபத்து நேரத்தில் வேலை செய்யாது, கதை எழுதும். தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று எழுதியது. பிள்ளை பிடிக்கிற கும்பல் மலை ஏறிவிட்டது என்று எழுதியது. என்னைக் கைது செய்து கூட்டிப்போகும்போது கறை படிந்த இந்தச் சட்டைதான் போட்டோவில் விழும் என்றும் எழுதியது.

பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா. அந்த ஊரை என்னோடு சேர்ந்து கணக்கெடுத்தவள். சுனாமி வந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் ஓடுவாள்.

"அண்ணே, பிரஷர் மாத்திரை போட்டியளா?"

"ஒம்பது பிள்ளையளைக் காணலை ஸ்டெல்லா."

"காணாம போகலை. நம்ம கண்ணுல படலை. பொறப்படுங்க."

2. செல்வியின் வேலையும் வியாழக்கிழமையும்

அவசரத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அந்த ஊர் அங்கன்வாடியைக் கீழே மெயின் ரோட்டுப் பக்கம் உள்ளதோடு சேர்த்துவிடலாமா என்று ஒரு யோசனை. முடிவெடுக்க வேண்டிய அதிகாரி, வியாழக்கிழமை கூட்டத்துக்கு எங்கள் பிறப்புக் கணக்கைக் கேட்டிருந்தார். பூஜ்யத்தைக் கொடுத்தால் கதை முடிந்தது. மேலே உள்ள குழந்தைகள் மழையில் வழுக்குகிற அந்த இறக்கத்தில் தினமும் இறங்கி ஏற வேண்டும்.

அங்கன்வாடி டீச்சர் செல்வி எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையள் வரும்னு நான் தொண்டை கிழிய சொல்லியாச்சு சாரே. எனக்க வேலைக்காகப் பொய் சொல்லுதேன்னு சொல்லிட்டாவ. நீங்கதான் இதுல சம்பந்தப்படாத மூணாவது ஆளு. நீங்க பூஜ்யம்னு எழுதினா நான் எங்க போவேன்?"

"அந்த ஒம்பது பேரும் எங்க?"

"ஏழாம் மாசம் அழைச்சிட்டுப் போனாவ. பொறவு நான் எங்க கண்டேன்?"

3. ரப்பர் ஷீட்டுக்கு நடுவே ஒரு அழுகை

முதல் வீட்டில் தங்கம் அக்கா கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மருமகளுக்குப் போன ரவுண்டில் ஆறு மாதம்.

"அக்கா, வீட்டுல பிள்ளை பிறந்ததா?"

"இல்ல சாரே. போன வாரமே ஸ்டெல்லாட்ட சொன்னேனே."

துக்கம் விசாரிப்பது போலக் குரலைத் தாழ்த்தி, "என்ன ஆச்சுக்கா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. வீடியோ கால். போனுக்குள்ளிருந்து ஒரு குழந்தை, அந்த ரப்பர் காடே அதிரும்படி கத்தியது.

"இது யாருக்கா?"

"எனக்க பேரன்."

"பிள்ளை இல்லன்னு சொன்னியளே!"

"இஞ்ச இல்லன்னு சொன்னேன். இருபத்தெட்டு கெட்டி, மூணு மாசம் கழிஞ்சு, நாங்க ஆளோட போய் விளிச்சிட்டு வரணும். அதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல பிள்ளை இருக்குன்னு எப்படிச் சொல்ல முடியும்? முறைன்னு ஒண்ணு உண்டுலா."

இருபத்தெட்டு கெட்டு என்பது பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் கறுப்பு நூல் கட்டிப் பெயர் வைக்கிற சடங்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். முறைப்படி அழைத்து வரும்வரை புகுந்த வீட்டார் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்த வீடு இதைவிட அழகு. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் பெற்றுக்கிடக்கிறாள். தொட்டில் ஆடுகிறது. "வீட்டுல பிள்ளை பிறந்ததா?" என்று கேட்டேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே அந்த வீட்டுத் தகப்பன் சொன்னார்: "இல்லியே. இது அவங்க வீட்டுப் பிள்ளையாக்கும்."

ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது எனக்கு. புகுந்த வீட்டார் தாய்வீட்டைக் காட்டுகிறார்கள், தாய்வீட்டார் புகுந்த வீட்டைக் காட்டுகிறார்கள். நடுவில் ஒரு குழந்தை, எந்த ஊரிலும் பிறக்காமல் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டெல்லா கையைப் பிடித்துக் குலுக்கினேன். "கையை விடுங்கண்ணே, மிச்ச வீடு கிடக்கு" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஒன்பது பேரையும் போனில் பிடித்தோம். எட்டுக் குழந்தைகள். ஒருத்திக்கு மட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய மாமியாரிடம் நான் நலம் விசாரித்த ஆவேசத்தில், அவர் என்னை இன்சூரன்ஸ்காரன் என்று நினைத்துவிட்டார்.

4. கொடுத்ததும் எடுத்ததும்

எங்கள் விதி இது: தாய் வழக்கமாக எங்கே வசிக்கிறாளோ, பிறப்பு அந்த ஊருக்கு. ஆக எட்டும் சரிவுக்குச் சேர்ந்தது. செல்வி சிரித்தாள். அதே விதிப்படி, தாய்வீடு வந்து இங்கே பெற்ற இரண்டு பெண்களின் குழந்தைகள் இந்த ஊர்க் கணக்கில் வராது. செல்வியின் சிரிப்பு நின்றது.

"அந்த ரெண்டுக்கும் தடுப்பூசி போட நானாக்கும் கூட்டிட்டுப் போனேன். அதையும் சேத்துப் பத்துன்னு எழுதினா யாருக்கு நஷ்டம்?"

"எனக்குத் தூக்கம் நஷ்டம்" என்றேன்.

வியாழக்கிழமை கூட்டத்தில் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"ஓய் தாணு, எனக்க மக தூத்துக்குடில கட்டிக் கொடுத்தவ. பிரசவத்துக்கு வந்து எங்க வீட்டுலதான் இருக்கா. பிள்ளை ராத்திரி பூரா எனக்க தோளுல. அது நாகர்கோவில் கணக்குத்தானே?"

கூட்டத்துக்கு வந்திருந்த செல்வி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் குளிர்ந்துபோவார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் சரிவின் எட்டுக் குழந்தைகளும் தாய்வீட்டுக் கணக்குக்குப் போய்விடும்.

"இல்ல சார். அது தூத்துக்குடிக் கணக்கு."

ஸ்டெல்லாகூடச் செருப்பைத் தேடினாள்.

"செரி" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரிட்ட இதை நீரே வந்து சொல்லிரும்." அங்கன்வாடி இப்போதைக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த ரவுண்டுக்குப் பிறகு நாங்கள் கேள்வியை மாற்றிவிட்டோம். "பிள்ளை பிறந்ததா?" என்று கேட்பதில்லை. "போன தடவை மாசமா இருந்த பொண்ணு இப்ப எங்க?" என்றுதான் கேட்கிறோம். பிறப்பை எண்ணப் போகிறவன் குழந்தையைத் தேடக்கூடாது, தாயைத் தேட வேண்டும். அவள் எங்கே என்று தெரிந்தால் குழந்தை தானே சத்தம் கொடுக்கும்.