சின்ன பிஸ்டல்

மகள் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவள். பிஸ்டல் வாங்க என்னையும் கூட்டிப்போனாள். கடைக்காரர் இரண்டை மேசையில் வைத்தார். நீளமானது போட்டிக்கு நல்லதாம். சின்னது உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோக வசதியாம். ஆனால் இந்த நாட்டில் அதற்கு அனுமதியில்லையாம். எது நல்லது என்று மகள் என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

நான் சின்னதை எடுத்தேன். ஒருவரும் சொல்லாமலே என் கை பிடிக்குள் இருந்த மகசினைக் கழற்றி, உள்ளே துப்பாக்கி ரவை இருக்கிறதா என்று பார்த்தது. பாழாய்ப்போன கை! துவக்கைத் தொட்டதேயில்லை என்றுதான் அகதி விண்ணப்பத்திலும் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

"படத்தில பார்த்தனான், பிள்ளை" என்றேன்.

அவள் நீளமானதை வாங்கினாள். மெத்ரோ ரயிலில், பூட்டிய பெட்டியை மடியில் வைத்தபடி வந்தாள். இறங்கி நடந்து, ரூ காய் தெருவில் திரும்பும்போது, அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்:

"அப்பா, நீங்கள் ஏன் சின்னனை எடுத்தனீங்கள்?"