இலக்கணப் பிழையில்லாத ஒரு வசவு

நாகரிகமாக விவாதம் செய்வது எப்படி என்று உலகத் தமிழர்களுக்கு விதி எழுதிக் கொடுத்தவன் நான். அந்த விதியில் முதலில் மாட்டியவனும் நான்தான். கோபத்தில் வாய் தவறி மாட்டியிருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். நான் மாட்டியது புணர்ச்சி விதியைப் பிழையில்லாமல் எழுதியதற்காக.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பண்டகசாலையில் கணக்கராக இருந்தேன். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் உட்கார்ந்து இலக்கணம் படித்துக்கொண்டிருந்த ஆள். எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே ராஜபாளையத்துக்கு இன்டர்நெட் வந்துவிட்டது. ராஜபாளையத்துக்கு எல்லாமே எங்களுக்கு முன்னால்தான் வரும். கோபுரம் மட்டும் எங்களுக்கு முதலில் வந்துவிட்டதால் நாங்கள் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போவேன். ஓர் உரக்கடை மாடியில் பிரவுசிங் சென்டர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு பயபக்தியோடு உள்ளே போக வேண்டும். மோடம் பிடிபட்ட கோழி மாதிரி கத்தி ஓய்ந்து, லைன் கிடைத்துவிட்டால் கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

அங்கிருந்துதான் ஒரு தமிழ் மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தேன். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். அதில் பல்லியும் பள்ளியும் ஒன்று, கறியும் கரியும் ஒன்று. தமிழை எப்படிக் காப்பாற்றுவது என்று அந்த எழுத்திலேயே பக்கம் பக்கமாக எழுதுவோம்.

குழுவிலேயே நன்றாக எழுதுகிறவள் ஒரு ராஜபாளையத்துப் பெண். அமெரிக்காவில் வேலை. வாசலில் விழுந்த பனியை மண்வெட்டியால் வாருவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். பங்குனி வெயிலில் அதைப் படித்துவிட்டு நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் தமிழ்நாட்டை யார் ஆளலாம் என்று பேச்சு வந்தது. வளைகுடாவில் இருந்த ஓர் அன்பர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களை எல்லாம் 'வந்தேறிகள்' என்று எழுதினார். அகராதியில் சாதுவாகத்தான் இருக்கும் அந்தச் சொல். மேடையில் ஏறினால், 'உன் ஊருக்குப் போ' என்று அர்த்தம்.

அந்தப் பெண் சுருக்கமாகப் பதில் எழுதினாள். "எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். ராஜபாளையத்துக்கு எப்போது வந்தோம் என்று என் தாத்தாவுக்கே தெரியாது. நான் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லவும்."

வளைகுடாக்காரர் சொன்னார்: "நான் தப்பா நெனச்சுச் சொல்லல. அது வெறும் சரித்திரச் சொல்."

அப்புறம் குழு பற்றி எரிந்தது. அந்தச் சொல்லைத் தடை செய்ய வேண்டும் என்று ஒருவர். தடை என்றால் கருத்துச் சுதந்திரம் என்ன ஆவது என்று இன்னொருவர். நடுவில் ஒரு புண்ணியவான், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எப்படி எடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இரண்டு தரப்பிலிருந்தும் திட்டு விழுந்தது.

எனக்கு எங்கள் ஊர் சலூன் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் நான் அரசியல் கற்ற இடம் அது. சுவரில் 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று ஒரு போர்டு. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் எல்லாரும் அரசியல் பேசுவார்கள். சலூன்கார அண்ணாச்சி எந்தக் கட்சியைத் திட்டினாலும் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் எதிராளியின் சாதியையோ வீட்டுப் பேச்சையோ தொட்டுவிட்டால் கத்தரி நின்றுவிடும். "ஏலே, எந்திரி. கடைசியில போயி உக்காரு." ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசி என்றால் மத்தியானச் சாப்பாடு போச்சு என்று பொருள். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு எழுப்பிவிடப்பட்ட ஒரு வட்டச் செயலாளர், நுரை காய்வதற்குள் எதிர்க்கட்சிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் கத்தி வைத்திருக்கிறவர் நடுவராக இருந்தால் ஜனநாயகம் ஒழுங்காக நடக்கிறது.

மின்னஞ்சலில் வரிசையும் கிடையாது, நுரையும் கிடையாது. எதிராளிக்கு முகமே கிடையாது. ஆகவே நான் ஒரு விதி எழுதினேன். இனிமேல் குழுவில் யாராவது ஒரு கூட்டத்தாரை இழிவாகச் சொன்னால், அந்தக் கூட்டத்தார் ஒருவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அதுவரை வேறு எதுவும் எழுதக் கூடாது. விளக்கம் சொல்லவும் கூடாது.

எல்லாரும் பாராட்டினார்கள். வளைகுடாக்காரர்கூட, "பழசை விட்டுருங்க. இனிமேன்னா எனக்குச் சம்மதம்" என்றார். அந்தப் பெண் 'நன்றி' என்று ஒரு வார்த்தை எழுதினாள். அந்த வாரம் முழுக்க நான் பண்டகசாலையில் சீனி நிறுக்கிறவரிடம்கூட ஐ.நா. சபைத் தோரணையில் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு. மதுரையிலிருந்து வருகிற பஸ் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பையன்களை அள்ளிக்கொண்டு எங்கள் ஊருக்கு வரும். ராஜபாளையத்தில் படம் பார்க்கப் போகிற கூட்டம். ஓர் இடம் இருக்காது. நான் தொங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்து, கை வலியோடு குழுவுக்கு நகைச்சுவையாக ஒரு கடிதம் தட்டினேன். வந்து, ஏறி என்று பிரித்து எழுதியிருக்கலாம். ஆனால் குற்றியலுகரத்தை அடுத்து உயிர் வந்தால் உகரம் கெட வேண்டும் என்று படித்தவன் நான். நான் எழுதிய வாக்கியம் இது:

"கிருஷ்ணன்கோவிலில் வந்தேறியவர்கள் எல்லாம் ஜன்னலோரம் சொகுசாக உட்கார்ந்திருக்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன் ராஜபாளையம் வரை கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது."

திரும்ப ஒரு முறை படித்துப் பார்த்தேன். இலக்கணம் சுத்தமாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் போய்ப் பெட்டியைத் திறந்தால் திருவிழாக் கூட்டம். முதலில் இருந்தது வளைகுடாக்காரர். எழுத்தில்கூட அவர் தொடையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஐயா, நாஞ் சொன்னா வசவு, நீங்க சொன்னா பஸ்ஸா?"

கடைசியில் அந்தப் பெண்ணின் தனிக் கடிதம். "நீங்களுமா? நான் இந்தக் குழுவில் இருப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

பதறிப் போய் விளக்கம் எழுதினேன். பஸ் என்றேன், பையன்கள் என்றேன், குற்றியலுகரம் என்றேன். 'நான் தப்பாக நினைத்துச் சொல்லவில்லை' என்று முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், வளைகுடாக்காரர் எழுதிய அதே வரி. திட்டினவன் எல்லாருக்கும் முதலில் வாயில் வருகிற வரி இதுதான் போலிருக்கிறது. எனக்கு விலக்கு உண்டென்றால் நாளைக்கு எல்லாருக்கும் ஒரு பஸ் கிடைத்துவிடும். விதியும் போகும், பெண்ணும் போவாள். எழுதியதை அழித்துவிட்டு, "அபராதத்துக்கு உட்படுகிறேன். யார் வீட்டில் சாப்பிட வேண்டும்?" என்று கேட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. "எங்கள் வீட்டில். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு மதியம். உங்கள் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, இருப்பதா போவதா என்று முடிவு செய்கிறேன். நாய்க்குப் பயப்பட வேண்டாம்."

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஒரு வீட்டுக்குப் போனால் பால்கோவா வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். பொட்டலத்தோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போனேன். மனசுக்குள் பயம் பாதி, பசி பாதி. ராஜபாளையத்துக் கறிக்குழம்பைப் பற்றிப் பண்டகசாலையில் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேறு. தண்டனையை அனுபவிக்க இவ்வளவு ஆசையாகப் போன குற்றவாளி வேறு யாரும் இருக்க முடியாது.

கேட்டைத் திறந்ததும் வெள்ளை வெளேரென்று ஒரு நாய், ரோஸ் மூக்கோடு, என் பொட்டலத்தைத் தீர விசாரித்தது. உள்ளேயிருந்து தெலுங்கில் ஓர் அதட்டல். நாய் உட்கார்ந்தது. அதட்டல் எனக்கோ என்று நானும் உட்காரப் போனேன்.

அந்தப் பெண்ணின் அம்மா வெளியே வந்தார்கள். "நீங்கதான் பஸ்ல நின்னுக்கிட்டே வாரவுகளா? வாங்க, வாங்க. இங்க எடத்துக்குப் பஞ்சமில்ல. எந்தப் பக்கம் வேணாலும் உக்காருங்க." பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பால்கோவாத்தான் கொண்டு வருவீகன்னு தெரியும்" என்றார்கள்.

அப்பா, மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். ஈஸிசேரில் இருந்து எழுந்து கும்பிட்டுவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டார். ஏதோ பெரிய துக்கத்தில் இருப்பவர் போலத் தெரிந்தது. மகளைத் திட்டியவன் வந்திருக்கிறானே என்ற துக்கம் என்று நினைத்தேன்.

நான் மன்னிப்புப் பேச்சை ஆரம்பித்தேன். அம்மா கையை வீசினார்கள்.

"அட, போங்க. போன வருசம் ஐதராபாத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மார்க்கெட்ல தக்காளி என்ன வெலன்னு கேட்டேன். தெலுங்குலதாங்க கேட்டேன். அந்தக் கடைக்காரன் சிரிக்கான். 'அரவமா நீங்க?'ங்கான். தமிழ் ஆளுகளைக் கேலியாச் சொல்லுத பேராம் அங்க. இங்க கொல்டி, அங்க அரவம். விருதுநகர்ல ஒரு பேரு, விஜயவாடாவுல ஒரு பேரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாப்பா, அரவந்தான், அதனால வெலையக் கொறைன்னேன். கொறைச்சான்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

இலை போட்டார்கள். சாம்பார். வெண்டைக்காய்ப் பொரியல். அப்பளம். ரசம். எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்ன இருக்குமோ அதுவே, அதே வரிசையில். ஆனால் அடுப்படிப் பக்கமிருந்து வேறொரு வாசனை வந்துகொண்டிருந்தது. மிளகு, சோம்பு, அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று. வெண்டைக்காயை மென்றுகொண்டே அந்த வாசனையை உள்ளே இழுத்தேன். எனக்கு அடுத்த இலையில் அப்பாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம" என்றார், யாரையும் பார்க்காமல்.

"சும்மா சாப்பிடுங்க" என்றார்கள் அம்மா.

அந்த நேரத்தில் கொல்லைப்புறத்திலிருந்து நாய் வந்தது. வாயில் ஒரு நல்லி எலும்பு. எங்கேயும் நிற்காமல் நேராக என்னிடம் வந்து, இலைக்குப் பக்கத்தில் எலும்பை வைத்துவிட்டு, வாலை ஆட்டியது. அந்த வீட்டில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

அம்மா பதறிப் போனார்கள். "ஐயையோ! தப்பா எடுத்துக்கிடாதீக, இது எங்களுக்கு ராத்திரிக்கு..."

"அம்மா, நான் கறி திம்பேன்."

அப்பா இலையிலிருந்து நிமிர்ந்து, தெலுங்கில் ஒரு வாக்கியம் முழங்கினார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு புருஷன் சொல்வது எந்த மொழியிலும் புரியும்.

"கோயில் பக்கத்துத் தெரு, சுத்தமாத் தமிழ் எழுதுவாகன்னு மக சொன்னா. அய்யங்கார் வீட்டு ஆளுன்னு நெனச்சுப்புட்டேன்" என்றார்கள் அம்மா. "நாந் தப்பா நெனச்சுச் செய்யலங்க."

"கோயில் தெருவுல நாங்க வாடகைக்குத்தான் இருக்கோம். ஆனா தப்பா நெனைக்கலைன்னு சொன்னா எங்க குழுவுல செல்லாதும்மா. விதிப்படி நீங்க எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடணும்."

"கறி உண்டா?"

"உண்டு."

"அப்பச் சரி" என்றார் அப்பா. அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

குழம்பு வந்தது. இரண்டாம் முறை சோறு வந்தது. அப்பாவின் துக்கம் முழுவதுமாக விலகி, மில் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். கொண்டுவந்த எலும்பு கவனிக்கப்படாமல் கிடந்ததில் நாய் மட்டும் என்மேல் வருத்தமாக இருந்தது.

சாயங்காலமே உரக்கடை மாடிக்குப் போய் ஒரு பக்கம் என்று உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். தக்காளி, அரவம், எலும்பு, எல்லாம். பஸ்ஸைப் பற்றியும் கடைசியில் ஒரு பத்தி எழுதினேன், இந்த முறை 'வந்து', 'ஏறி' இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு. ஆங்கில எழுத்தில் படித்த ஒருவர், ராஜபாளையத்தில் விருந்தாளிக்குக் கரி போடுகிறார்களா என்று கேட்டார். வளைகுடாக்காரர் எழுதினார்: "என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் கறிக்குழம்பு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. தண்டனை இப்படித்தான் இருக்கும் என்றால் நானும் ஒரு தடவை தப்புச் செய்து பார்க்கலாமா?" அவரைப் போலவே இன்னும் சிலர் தப்புச் செய்ய அனுமதி கேட்டு வரிசையில் நின்றார்கள். ஆனால் அந்தச் சொல்லை அவர் அதற்கப்புறம் எழுதவில்லை. தேவைப்பட்ட இடத்தில் 'அந்த பஸ் சொல்' என்று எழுதிவந்தார்.

அந்தப் பெண்ணிடமிருந்து மட்டும் பதில் இல்லை. இரண்டு ஞாயிறு மாடி ஏறி, செருப்பைக் கழற்றி, மோடம் கத்துவதைக் கேட்டு, ஒன்றும் இல்லாமல் இறங்கினேன். மூன்றாவது ஞாயிறு குழுவிலேயே எல்லாரும் படிக்கும்படி எழுதியிருந்தாள்.

"நான் எங்கேயும் இறங்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து அந்த மூன்று பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். அப்பா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். போன் பில்லை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: 'கிருஷ்ணன்கோவில்ல ஏறுன பையங்க மொதல்லயே உக்காந்து வந்துட்டாங்க. அதுக்குப் பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர்ல வந்து ஏறுனது இவுகதானேட்டி?'"