ரோசின் போடாத வில்

நாங்கள் நாலு பேர் சேர்ந்தது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்காக. தாம்பரத்தில் ஒரு சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பின்னணி வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து பிரியாணி சாப்பிடும்போது, முதல் வயலின் வாசித்த அண்ணன், "இப்படியே சேர்ந்து இருக்கலாமே, ஒரு குவார்ட்டெட் வெச்சா என்ன?" என்றார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வியோலா என்பது வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கொஞ்சம் கனத்தது. அதை வாசிப்பவன் நான். பார்க்கிறவர்களுக்கு நானும் வயலின்காரன்தான். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ, பெருங்களத்தூர் அக்காவுடையது. ஆள் உயரப் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏறுவார். "இன்னாம்மா இது, ஃபிரிட்ஜா?" என்பார் டிரைவர். "ஆமாண்ணா, மோர் வேணுமா?" என்பார் அக்கா. பம்மலில் அண்ணன் வீட்டு மாடியில் ஒத்திகை. பக்கத்துப் பட்டறையில் தோல் வெட்டும் மெஷின் தடதடக்கும். சாப்பாட்டுக்கு அது நிற்கும் ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு. அந்த ஒரு மணி நேரமும் ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டுக் கேட்டு வாசித்தோம். நன்றாகவே வாசித்தோம். இதை மட்டும் யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

பிறகு கல்யாண ரிசப்ஷன்கள் வந்தன. மூன்றாவது மண்டபத்தில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "நாலு பேருக்கு மைக் வெச்சா கூவுது சார். நான் ரெக்கார்டு பண்ண டிராக் போட்டுர்றேன். நீங்க சும்மா ஆக்‌ஷன் குடுங்க, போதும்." மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் தலையாட்டியது நான். வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

வில்லில் கட்டியிருக்கும் குதிரைமுடியில் ரோசின் என்ற பிசின் கட்டியைத் தேய்த்தால்தான் தந்தி பேசும். தேய்க்காத வில்லை எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது. ஆளுக்கொரு மலிவு வில் வாங்கி, ரோசின் படாமல் வைத்துக்கொண்டோம். முகூர்த்த மாதங்கள் முழுக்க அதுதான். கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஊமை வில்லை இழுத்தோம். பெண் வீட்டார் எங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். முதல் வாரம் கூசியது. அப்புறம் மரத்துப்போய்விட்டது. ஒத்திகைக்கு யாருமே பம்மல் பக்கம் போகவில்லை.

அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சுற்றுலாக் கப்பலில் வாசிக்க அவருக்கு ஒரு வேலை வந்திருந்தது. "ஒரே ஒரு கச்சேரி, நாமளே வாசிச்சுப் பண்ணுவோம். அது ஒழுங்கா நடந்துச்சுன்னா நான் போகல" என்றார். அவர் போனால் குவார்ட்டெட் இல்லை. செங்கல்பட்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொரு செல்லோக்காரர் அகப்படமாட்டார்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு சின்ன ஹால் கிடைத்தது. ஞாயிறு சாயங்காலம், நாற்பது நாற்காலி, முக்கால்வாசி சொந்தக்காரர்கள். அண்ணன் மூச்சை இழுத்து ஆரம்பித்தார். நான் வில்லை வைத்து இழுத்தேன். சத்தம் வரவில்லை. என் பெட்டியில் இரண்டு வில்லும் அடுத்தடுத்து இருக்கும். ஊமை வில்லை எடுத்து வந்திருந்தேன்.

நிறுத்தியிருக்கலாம். நல்ல வில் பக்கத்து அறையில்தான் இருந்தது. போய் எடுத்துவர ஒரு நிமிஷம். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடினேன், தலையை ஆட்டினேன், உருக்கமான இடத்தில் புருவத்தை உயர்த்தினேன். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பயமும் வரவில்லை. நடுவில் ஒரு பகுதி முடிந்து எல்லோரும் ஓய்ந்தபோதாவது எழுந்திருக்கலாம். அண்ணன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நானும் திருப்பினேன். அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

"பின்னிட்டோம்ல!" என்று அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது வயலின் வாசித்த என் நண்பன், "மச்சான், இன்னிக்கு நீ செம ஃபீல்" என்றான். அக்கா செல்லோவைப் பெட்டியில் வைத்து மூடினார். வெளியே ஆட்டோவுக்காக நிற்கும்போதுதான் கேட்டார்.

"உன் பார்ட் எனக்கு ஒரு இடத்துலயும் கேக்கலயேப்பா."

"வில்லை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்க்கா."

"அது யாருக்கும் நடக்கும். தெரிஞ்ச உடனே ஏன் எழுந்து போகல? நாங்க காத்துட்டு இருந்திருப்போமே."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கோபப்படவில்லை. செல்லோப் பெட்டியை முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் ஏறினார்.

அடுத்த மாதம் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். மற்ற இருவரும் காரணம் கேட்டார்கள். நல்ல சம்பளமாம் என்றேன்.

ஏற்பாட்டாளர் அசரவில்லை. "ஸ்டேஜ்ல நாலு தலை தெரியணும் சார், அவ்ளோதான்" என்று ஒரு கல்லூரிப் பெண்ணை வாடகை செல்லோவோடு அனுப்பினார். அவள் அதுவரை அந்த வாத்தியத்தைத் தொட்டதுகூடக் கிடையாது. "இதை எப்டிண்ணா புடிக்கணும்?" என்றாள். மண்டபத்தின் பின்கட்டில் அவளை உட்காரவைத்து, வில்லை எப்படிப் பிடிப்பது, எங்கே கண்ணை மூடுவது, எங்கே தலையை ஆட்டுவது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ரிசப்ஷன் தொடங்குவதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள்.